ரயிலில் வரும் அம்மாவுக்குச் சுகயீனம்: வீட்டிலிருந்து உதவியை ஒழுங்கு செய்வது எப்படி?

கேள்வி (கிளிநொச்சி):
கடந்த கிழமை கொழும்பிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்த என் அம்மா, மதவாச்சி கடந்ததும் தலை சுற்றுகிறது, உடம்பெல்லாம் வியர்க்கிறது என்றார். பிறகு மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை. அவர் இன்சுலின் போடுபவர். பக்கத்து இருக்கைப் பிள்ளை இனிப்புத் தேநீர் கொடுத்ததால் தப்பினார். இங்கிருந்தபடி நான் யாரை முதலில் அழைத்திருக்க வேண்டும்?

பதில் (வவுனியா):
1990 என்ற இலக்கத்தை. அது இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, இலவசம். ஓடும் வண்டியை அது தேடி வர முடியாது என்பதால், "வவுனியா புகையிரத நிலையம், இத்தனை மணிக்கு வண்டி வரும், இன்ன பெட்டி, இன்ன இருக்கை" என்று சந்திக்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதே நேரத்தில் வீட்டிலுள்ள இன்னொருவர் அந்த நிலைய அதிபரை அழைத்து, வண்டிக்குப் பொறுப்பான கார்டுக்கு (guard) அறிவிக்கும்படியும், நோயாளியை இறக்கும்வரை வண்டியை நிறுத்திவைக்கும்படியும் கேட்கட்டும். வவுனியா தாண்டிவிட்டால், அம்புலன்ஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டே மாங்குளமா கிளிநொச்சியா என்று முடிவெடுங்கள்.

பதில் (மாங்குளம்):
நான் தாதி. நீங்கள் சொல்பவை இரத்தத்தில் சீனி குறைந்ததன் அறிகுறிகள். நினைவு இருந்தால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இனி வண்டி ஏறியதும் பயணச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பவும், பக்கத்தில் இருப்பவரின் இலக்கத்தை வாங்கித் தரவும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவருடைய கைப்பையில் குளுக்கோஸ் பைக்கற் ஒன்றும் வைத்துவிட்டேன்.