புதுப்பிப்பு: தம்பியின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

நான்கு நாள் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, ஆன்டிபயாடிக் ஏற்றியும் பலனில்லை என்று தம்பியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேனே, அது அக்யூட் ஈசினோபிலிக் நிமோனியாவாம், அதாவது ஈசினோபில் என்கிற ஒரு வகை வெள்ளை அணு நுரையீரலில் திடீரென்று குவிந்து வருகிற அழற்சி. ரத்தத்தில் ஈசினோபில் கூடவில்லை என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆரம்பத்தில் பல பேருக்கு அப்படித்தான் இருக்குமாம், யானைக்கால் புழுவால் நுரையீரலில் வருகிற ஈசினோபிலியா (ஈசினோபில் கூடுவது) என்றால் ரத்தத்திலேயே எகிறியிருக்கும். சிடி ஸ்கேனில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டுகள். பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் 42 சதவீதம் ஈசினோபில் (25 தாண்டினாலே இந்த நோயாக இருக்குமோ என்றுதான் பார்ப்பார்களாம்), கிருமி எதுவும் இல்லை. அப்புறம் டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரித்தால், மூன்று வாரமாகச் சிகரெட் பிடிக்கிறானாம், திருட்டுப்பயல்! புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறதாம். ஸ்டீராய்டு போட்ட மறுநாளே ஆக்சிஜனைக் குறைத்தார்கள். இன்று காலை இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான்.