நம்ம குடும்பம் குழு: 2023 மே 15, ராத்திரி

*சித்தப்பா சிகாகோ, 9:14:* 📷 புது மேயர் பிராண்டன் ஜான்சன் பதவியேற்பு ஓடிட்டு இருக்கு. டிவி முன்னாடியே உக்காந்திருக்கேன்.

*அம்மா:* இவர்தான் அந்த வாத்தியாரா தம்பி?

*சித்தப்பா சிகாகோ:* ஆமா அண்ணி. ஸ்கூல்ல பாடம் எடுத்தவர், அப்புறம் ஆசிரியர் சங்கத்துல வேலை பார்த்தவர். பிப்ரவரி 28ல 9 பேர் நின்னாங்க, யாருக்கும் பாதிக்கு மேல வரல. முதல்ல வந்த பால் வல்லாஸுக்கு 33 சதவீதம், ஜான்சனுக்கு 22 கூட இல்ல. இந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஏப்ரல் 4ல ரெண்டாவது சுத்து.

*பெரியப்பா:* இருந்த மேயரம்மா?

*சித்தப்பா சிகாகோ:* லோரி லைட்ஃபுட் முதல் சுத்துலயே மூணாவது அண்ணா, 17 சதவீதம்தான். 2019 ரெண்டாவது சுத்துல 50 வார்டையும் ஜெயிச்சவங்க!

*நான்:* நாலு வருஷத்துல எப்படி சித்தப்பா இப்படி மாறும்?

*சித்தப்பா சிகாகோ:* போலீஸ் சங்கம் வல்லாஸ் பக்கம். பணமும் அவர்கிட்டதான் அதிகம். ஜான்சனுக்கு ஆசிரியர் சங்கம். எங்க வாசலுக்கு ஒரு டீச்சரம்மா ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டாவது தடவை நல்ல மழை. கையில இருந்த லிஸ்ட் ஓரமெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. போன தடவை நான் "யோசிக்கிறேன்"னு சொன்னதை என் பேருக்கு நேரா பென்சில்ல குறிச்சு வெச்சிருந்தாங்க. "யோசிச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. இப்படித் தெருத் தெருவா நடந்தவங்களுக்கு முன்னாடி விளம்பரம் நிக்கல.

*சித்தப்பா சிகாகோ:* லைட்ஃபுட்டுக்குப் போட்ட தெற்கு, மேற்குப் பக்கத்துக் கறுப்பின மக்கள் வார்டுங்க அப்படியே ஜான்சன் பக்கம் வந்துருச்சு. வடக்கே ஏரிக்கரை வார்டுங்களும் கை கொடுத்துச்சு.

*தங்கச்சி சிகாகோ:* நாங்களும்தான் பெரியப்பா! என் முதல் ஓட்டு. பிப்ரவரியைவிட ஏப்ரல்ல எங்க வயசுப் பசங்க ஓட்டு கூடியிருக்கு 💪

*பெரியப்பா:* சபாஷ்டா கண்ணு. மொத்தம் எத்தனை சதவீதம் பதிவாச்சு?

*சித்தப்பா சிகாகோ:* அதுதான் அண்ணா மனசு ஆறல. பிப்ரவரில 36, ஏப்ரல்ல 39 கிட்ட. பட்டியல்ல ஏறக்குறைய 16 லட்சம் பேர். ஜான்சனுக்கு விழுந்தது 3 லட்சத்து 19 ஆயிரம். அஞ்சுல ஒருத்தர் போட்டு மேயர் வந்திருக்கார். வித்தியாசம் 26 ஆயிரம் சொச்சம்தான். வீட்டுல உக்காந்தவங்க 9 லட்சத்துக்கு மேல. நான் ஓட்டு போட்டவர்தான் ஜெயிச்சிருக்கார், ஆனாலும் இது போதும்னு என்னால சொல்ல முடியல.

*அம்மா:* அங்க எப்பவும் இப்படித்தானா?

*சித்தப்பா சிகாகோ:* இல்ல அண்ணி. 1983ல ஹெரால்ட் வாஷிங்டன் முதல் கறுப்பின மேயரா ஜெயிச்சப்போ 82 சதவீதம்! முந்தின வருஷமே லட்சத்துக்கும் மேல புதுப் பேரைப் பட்டியல்ல சேர்த்திருந்தாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்னிக்கு வரிசையில நின்ன கதையை இப்பவும் சொல்லுவார். சொல்லும்போது கண்ணு கலங்கிடும்.

*நான்:* இங்க கவுன்சிலருங்கதானே சேர்ந்து மேயரைத் தேர்ந்தெடுக்கறாங்க. நேரா போடற ஊர்லயும் இவ்வளவுதானா 😔 சென்னையில 2022ல பாதி கூட பதிவாகல.

*பெரியப்பா:* அதுல நானும் போகலம்மா. பேர் இன்னும் பழைய வீட்டு அட்ரஸ்லயே கிடக்கு, அவ்வளவு தூரம் போகணுமான்னு விட்டுட்டேன். தப்புதான்.

*தங்கச்சி சிகாகோ:* மாத்திடுங்க பெரியப்பா ப்ளீஸ் 🙏

*நான்:* படிவம் 8 போடணும் பெரியப்பா, போன்லயே போட்டுடலாம். நாளைக்கு சாயங்காலம் வரேன். புது வீட்டு கரண்ட் பில் ஒண்ணு எடுத்து வைங்க.

*பெரியப்பா:* பில்லு உங்க பெரியம்மா பேர்ல இருக்கே, பரவாயில்லையா?

*நான்:* அவங்க பேரும் பழைய அட்ரஸ்லதானே இருக்கும்? ரெண்டு பேருக்கும் சேர்த்தே பார்த்துடலாம்.