புது வேலை, புது ஊர்: வீடுதான் அமையவில்லை

புது வேலையில் அடுத்த மாதம் சேர வேண்டும். அலுவலகம் இருக்கும் புறநகரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கே சம்பளத்தில் பாதி போய்விடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எங்களால் தாங்க முடியாது.

நான், மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள். அவளுக்கு ஆஸ்துமா என்பதால் ஈரம் கசியும் வீடு ஆகவே ஆகாது. வீடியோ அழைப்பில் ஒரு வீடு பளிச்சென்று இருந்தது. அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். பின்னால் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

விளம்பரத் தளங்கள், தரகர்கள், அங்கே வேலை செய்பவர்கள் என்று எல்லாரிடமும் கேட்டாயிற்று. நல்ல வீடு வந்தால் அன்று மாலைக்குள் கைமாறிவிடுகிறது. நேரில் பார்க்காமலே முன்பணம் கேட்கிறார்கள், அதற்கு மனம் துணியவில்லை. பணி நியமனக் கடிதம் போதாதாம், புது வேலையின் 3 மாதச் சம்பளச் சீட்டு வேண்டுமாம். சேருவதற்கு முன் அதற்கு எங்கே போவது?

ரயிலில் 40 நிமிடம் தள்ளிப் போனால் வாடகை கட்டுப்படியாகும். ஆனால் பள்ளிச் சேர்க்கை வீட்டு முகவரியைப் பொறுத்தது, அப்புறம் மாற்றுவது சிரமம்.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: நான் மட்டும் முதலில் போய்த் தற்காலிகமாகத் தங்கி நேரில் தேடுவதா, குடும்பத்தோடு தள்ளியே குடியேறிவிடுவதா?