பன்னீர் சோடா கோலா ஆயிருமா? படர்தாமரை காப்ஸ்யூல் பஞ்சாயத்து

பழைய கம்பவுண்டர்:
நேத்து ரஸ்தா ராஜா இங்க எழுதினதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறலை. "இட்ராகோனசோல் காப்ஸ்யூலுக்குச் சாப்பாடெல்லாம் வேணாம். வெறும் வயித்துல ஒரு பன்னீர் சோடாவோட முழுங்குங்க, படர்தாமரை பறந்துரும்"னு எழுதியிருக்காக. அதுக்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேற. காரைக்குடியில 31 வருஷம் மருந்துக்கடையில நின்னவன் சொல்றேன்: அந்தப் பூஞ்சை மருந்துக் காப்ஸ்யூல் வயிறு நிறையச் சாப்பிட்டதும் போடுறது. வயித்துல அமிலம் சுரந்தாத்தான் அது கரையும், கரைஞ்சாத்தான் ரத்தத்துல ஏறும். வெறும் வயித்துல போட்டா காசு கொடுத்து வாங்கினதுல பாதி வீணாப் போகும்.

ரஸ்தா ராஜா:
அண்ணே வணக்கம். அமிலம் வேணும்னு நீங்களே சொல்லிட்டீக. சோடாவுல அமிலம் இல்லாம பாயசமா இருக்கு? கோலா குடிச்சா இந்த மருந்து நல்லா ஏறும்னு மருந்துக் குறிப்புலயே போட்டிருக்கு. நான் கோலாவுக்குப் பதிலா நம்ம ஊர்ச் சரக்கைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பழைய கம்பவுண்டர்:
குறிப்பை முழுசாப் படிக்கணும் தம்பி. வயித்துல அமிலம் கம்மியா இருக்கவுகளுக்கும், கேஸ் மாத்திரை போடுறவுகளுக்கும் கோலாவோட கொடுக்கலாம்னு இருக்கு. அதுவும் சர்க்கரை போட்ட கோலா. பன்னீர் சோடான்னு எங்க இருக்கு? காட்டுங்க.

ஆத்தங்குடி கல்லு:
ஒரு சின்னக் கேள்வி. ரெண்டு பேரும் எந்த இட்ராகோனசோலைப் பத்திப் பேசுறீக? பழைய காப்ஸ்யூல்னா சாப்பாட்டோட. திரவமா வர்ற மருந்துன்னா வெறும் வயித்துல. இப்ப 'சூபா'ன்னு புதுசா ஒண்ணு வருது, அது அமிலத்தை அவ்வளவா நம்பி இல்லை. முதல்ல அதைச் சொல்லிட்டு...

ரஸ்தா ராஜா:
அதெல்லாம் பெறகு. சோடாவுல அமிலம் இருக்கா இல்லையா? ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லச் சொல்லுங்க அண்ணனை.

பழைய கம்பவுண்டர்:
கோலாவுல பாஸ்பாரிக் அமிலம். பிஎச் (அமில அளவு, எண்ணு குறையக் குறைய அமிலம் கூட) ஏறக்குறைய 2.5. உங்க பன்னீர் சோடாவுல ரோஸ் வாசமும் சீனியும் கேஸும். ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு கைப்பக்குவம். அதை நம்பி மருந்து முழுங்கச் சொல்றீகளே.

பள்ளத்தூர் ஆச்சி:
எங்க வீட்டுக் காரக்குழம்புல இருக்க புளிக்கு உங்க கோலா கிட்ட நிக்குமா?

கானாடுகாத்தான் மாப்பிள்ளை:
காரைக்குடியில செக்ரியை (மின்வேதியியல் ஆய்வுக்கூடம்) வச்சுக்கிட்டு பிஎச்சுக்கு இங்க சண்டை போடுறீகளே! ஆளுக்கு ஒரு பாட்டிலை எடுத்துட்டுப் போயி வாசல்ல நில்லுங்க, அளந்து கொடுப்பாக. 1953ல நேரு தொறந்து வச்ச இடம்.

ஆத்தங்குடி கல்லு:
நேரு 1948ல அடிக்கல் நாட்டினாக. 1953ல தொறந்து வச்சது ராதாகிருஷ்ணன்.

கானாடுகாத்தான் மாப்பிள்ளை:
நேரு வந்தாகளா இல்லையா? வந்தாக. அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு? 300 ஏக்கர் கொடுத்த அழகப்பச் செட்டியாரைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலை, தேதி பிடிக்க மட்டும் வந்துட்டாக.

பழைய கம்பவுண்டர்:
ராஜா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க காலையில பான்டோப்ரசோல், அந்தக் கேஸ் மாத்திரை, போடுறீகளா?

ரஸ்தா ராஜா:
ஆமா, மூணு வருஷமா. அதுக்கும் இதுக்கும் என்ன?

பழைய கம்பவுண்டர்:
பாத்தீகளா! வயித்து அமிலத்தை அணைச்சு வச்சிட்டு மேல சோடாவை ஊத்துறாக. அந்த மாத்திரை போடுறதை டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கணும். இவுகளுக்குத்தான் கோலா பொருந்தும், இவுக ஊருக்கே எழுதி வைக்கிறாக. வயித்தெரிச்சலுக்கு ஜெல் மருந்து குடிக்கிறவுக காப்ஸ்யூல் போட்டு ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும்.

ரஸ்தா ராஜா:
ஆக எனக்கு வேலை செஞ்சுச்சுன்னு ஒத்துக்கிட்டீக. நன்றி.

பழைய கம்பவுண்டர்:
கோலான்னு சொன்னேன். பன்னீர் சோடான்னு சொல்லலை.

தேவகோட்டை மருமகள்:
குறுக்க வர்றதுக்கு மன்னிச்சிருங்க. எங்க மாமாவுக்கு (மாமனார்) இடுப்புல படை. டாக்டர் இந்தக் காப்ஸ்யூல் கொடுத்தாக. மாமா சிம்வாஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) போடுறாக, அதை அங்க சொல்ல மறந்துட்டோம். சேத்துப் போடலாமா? முழுங்கச் சிரமமா இருக்குன்னு நேத்து காப்ஸ்யூலைப் பிரிச்சு வெள்ளைப் பணியாரத்துல தூவிக் கொடுத்தேன். உள்ள கேழ்வரகு மாதிரி குட்டி குட்டி உருண்டையா இருந்துச்சு, பாதி தரையில ஓடிருச்சு.

பழைய கம்பவுண்டர்:
அம்மாடி, பிரிக்கவே கூடாது, முழுசா முழுங்கணும். அந்த உருண்டை மேலதான் மருந்தே பூசியிருக்கும், தரையில ஓடினது மருந்து. சிம்வாஸ்டாட்டினோட இதைச் சேக்கவே கூடாது. ரத்தத்துல அது மடங்கு மடங்கா ஏறி சதையையே கரைக்கும். இன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க. மாமாவுக்கு இதய பலவீனம், கால் வீக்கம், மூச்சு வாங்குறது இருந்தா அதையும் சொல்லுங்க. இந்த மருந்துக்கு அது ஆகாதுன்னு அமெரிக்காவுல 2001லயே எச்சரிக்கை விட்டாச்சு. கண்ணு மஞ்சளானா, மூத்திரம் கருத்தா, அடுத்த காப்ஸ்யூல் போடாமப் போயிக் காட்டணும். இதையெல்லாம் விட்டுட்டுத்தான் சோடாவைப் பத்தி எழுதுறாரு ஒரு ஆளு.

ரஸ்தா ராஜா:
"ஒரு ஆளு." நல்லது. பால் பணியாரத்துக்கு உளுந்து எவ்வளவுன்னு போன தடவை என்கிட்டத் தோத்தது இன்னும் உறுத்துது போல.

பழைய கம்பவுண்டர்:
யாரு தோத்தது? சரிக்குச் சரி உளுந்துன்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
அது சரியான அளவுதான் தம்பி. ராஜா சொன்ன அளவுல போட்டா கல்லு மாதிரி வரும்.

கானாடுகாத்தான் மாப்பிள்ளை:
எனக்கு ரெண்டு வருஷம் முந்தி ஒரு கடையில கேட்டதும் களிம்பு எடுத்துக் கொடுத்தாக. நாலு நாள்ல அரிப்பு நின்னுச்சு. பத்தாம் நாள் தொடை முழுக்க வட்டம் வட்டமாப் பூத்துருச்சு. பெறகுதான் தெரிஞ்சது, அதுல குளோபெட்டசால்.

பழைய கம்பவுண்டர்:
ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கும், பூஞ்சைக்குத் தீனி போடும். சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே உத்தரவு வந்தாச்சு. நான் நின்ன கடையில ஒரு டியூப் அப்படிப் போனதில்லை.

ரஸ்தா ராஜா:
31 வருஷத்துல ஒண்ணு கூட இல்லை. நம்பிட்டோம்ணே.

ஆத்தங்குடி கல்லு:
புளூகோனசோல்னு இன்னொரு பூஞ்சை மருந்து இருக்கு, அதுக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கே கிடையாது, எப்ப வேணாலும் போடலாம். ஆனா கிளிமிபிரைடு போடுற சர்க்கரைக்காரவுகளுக்கு அதால சர்க்கரை சட்டுனு இறங்கலாம். சொல்லணும்னு தோணுச்சு. ரொம்ப முக்கியமா, எந்த மருந்துன்னு...

ரஸ்தா ராஜா:
தலைப்பை மாத்தாதீக. சோடா.

பழைய கம்பவுண்டர்:
அதையேதான் நானும் சொல்றேன். பன்னீர் சோடா கோலா இல்லை.

தேவகோட்டை மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. டாக்டர்கிட்டப் பேசிட்டேன். காப்ஸ்யூல் முடியிற வரைக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொன்னாக. அரிப்பு நின்னாலும் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் காப்ஸ்யூலை நிறுத்தக் கூடாதாம். மாமா துண்டு, வேட்டியைத் தனியாத் துவைச்சு வெயில்ல காயப் போடச் சொன்னாக. ஈரல் டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்திருக்காக.

ரஸ்தா ராஜா:
சந்தோஷம்மா. சோடாவைப் பத்திக் கேட்டீகளா?

பழைய கம்பவுண்டர்:
கேட்டிருந்தா சிரிச்சிருப்பாக.

ரஸ்தா ராஜா:
கேக்கலைல்ல? அப்ப உங்க பேச்சும் செல்லாது, அண்ணே.

பள்ளத்தூர் ஆச்சி:
யாராச்சும் கல்லுத் தம்பி கேட்டதுக்குப் பதில் சொன்னீகளா? பாவம், அந்தப் பிள்ளை அப்பவே பிடிச்சுக் கேக்குது.

பழைய கம்பவுண்டர்:
சொல்லுவோம் ஆச்சி. முதல்ல இவுக அந்தக் குறிப்புல பன்னீர் சோடா எங்க இருக்குன்னு காட்டட்டும்.