ஓலன்சபைன் உட்கொள்பவருக்கு உணவை மாற்றினால் மூளைக்குப் பயன் உண்டா?

கேள்வி (மருதம்):
மனச்சிதைவு நோய்க்காக ஓலன்சபைன் உட்கொள்ளும் என் தம்பிக்குக் காதில் குரல் கேட்பது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் பசி அடங்குவதே இல்லை, நள்ளிரவிலும் பன்னும் குளிர்பானமும் கேட்கிறான். மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்து, கோதுமையை நிறுத்தினால் மூளை தேறிவிடும், மருந்தையே விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். இந்நோயில் உணவுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (நெய்தல்):
மருந்தை நிறுத்த எக்காரணம் கொண்டும் இடம் கொடுக்காதீர்கள். மீன் எண்ணெய் பற்றிய நம்பிக்கை, வியன்னாவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வால் பெருகியது. நோய் வரும் அபாயத்தில் இருந்த 81 இளையோரில், 12 வாரம் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை உட்கொண்ட 41 பேரில் இருவருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்ட 40 பேரில் 11 பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் வெளிப்பட்டது. பல நாடுகளில் 304 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்விலோ அந்த வேறுபாடு தென்படவில்லை. இரண்டுமே நோய் முழுமையாக வெளிப்படாதவர்களைப் பற்றியவை. உங்கள் தம்பியின் நிலை வேறு. மத்தி மீன் குழம்பு வைத்துக் கொடுங்கள், நல்லதுதான். அதை மருந்தாக எண்ண வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அந்தப் பசியைப் பற்றித்தான். ஓலன்சபைன் மூளையில் ஹிஸ்டமின், செரோட்டோனின் என்ற வேதிப்பொருள்களின் செய்தியை வாங்கும் ஏற்பிகள் சிலவற்றைத் தடுப்பதால் பசி தூண்டப்படுகிறது. இது அவருடைய மனவுறுதிக் குறைவு அன்று, ஆகவே சாப்பாட்டுக்காக அவரைத் திட்டாதீர்கள். எடையும் சர்க்கரையும் ஏறினால் இதயத்தோடு மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடும். நினைவும் கவனமும் ஏற்கெனவே தளர்ந்திருக்கக்கூடிய ஒருவருக்கு அது பெரும் இழப்பு. குளிர்பானத்தை வீட்டுக்கே வாங்காமல், சுண்டலும் மோரும் கைக்கெட்டும்படி வையுங்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தவறாமல் பார்த்து, சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுமொழி (குறிஞ்சி):
கோதுமை பற்றிய கருத்து பழையது. இரண்டாம் உலகப் போரின்போது கோதுமை குறைந்த நாடுகளில் இந்நோய்க்கான மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தது என்று டோஹன் என்ற அமெரிக்க மருத்துவர் 1966-இல் எழுதினார். நோயாளிகளில் ஒரு சிலருக்குக் கோதுமைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் காணப்படுவது உண்மை. பரிசோதனை செய்யாமல் எல்லோருக்கும் சப்பாத்தியை நிறுத்துவதற்கு அது போதிய காரணம் ஆகாது.

மறுமொழி (முல்லை):
இதே நோய்க்கான இன்னொரு மருந்தான குளோசபைன் உட்கொள்ளும் என் அண்ணனைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். காபியைத் திடீரெனக் கூட்டினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். புகைப்பதைத் திடீரென விட்டாலும் ஏறும். குளோசபைன் உண்டாக்கும் மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் கீரை, பழம், தண்ணீர் மூன்றிலும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். உங்கள் தம்பிக்கு ஓலன்சபைனுக்குப் பதிலாக லூராசிடோன் என்ற மருந்தை மாற்றித் தந்தால், குறைந்தது 350 கலோரி உணவோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் அது உடலில் சரியாகச் சேராது.