மிச்சிகன் கவுண்டிகளின் பெயர்கள்

கேள்வி:
அமெரிக்க மாநிலமான மிச்சிகனின் கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்ற பிரிவுகளுக்கு), தெற்கில் ஜாக்சன், கால்ஹூன், ஈட்டன் எனத் தலைவர்களின் பெயர்களும், வடகிழக்கில் அல்கோனா, அல்பீனா, ஆஸ்கோடா போன்ற பெயர்களும் உள்ளன. பின்னவை பழங்குடியினர் வழங்கிய பெயர்கள்தாமா?

பதில் 1:
தெற்கிலுள்ளவை 1829-இல் சூட்டப்பட்டவை. மிச்சிகன் அப்போது மாநிலத் தகுதியை நாடிய ஆட்சிப்பகுதியாக இருந்ததால், அவ்வாண்டு பதவியேற்ற அதிபர் ஜாக்சன், துணை அதிபர் கால்ஹூன் ஆகியோரோடு வான் பியூரன், இங்காம், ஈட்டன், பிராஞ்ச், பெரியன், பாரி என அமைச்சரவையே வரைபடத்தில் ஏறிவிட்டது. அப்பட்டமான முகத்துதி என்றே கூறுவேன். ஈட்டனின் மனைவியைச் சுற்றி எழுந்த பூசலால் அந்த அமைச்சரவை 1831-இல் கலைந்தது. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

பதில் 2:
வடகிழக்கிலுள்ளவை பெரும்பாலும் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் புனைந்தவை. பழங்குடியினர் விவகார அதிகாரியான அவர், ஓஜிப்வே என்னும் பழங்குடி மொழிச் சொற்களின் துண்டுகளை அரபு, லத்தீன் அசைகளோடு ஒட்டினார். அல்பீனாவில் முன்பாதியான ‘அல்’, ஆங்கில ‘the’ போன்ற அரபுச் சுட்டு. பின்பாதி பறவையைக் குறிக்கும் ஓஜிப்வே சொல்.

பதில் 3:
1843-இல் நடந்த மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீகிசி, மிகெனாக், டோனெடகானா முதலிய பழங்குடித் தலைவர்களின் பெயர்களைச் சட்டமன்றம் நீக்கி, முறையே ஆன்ட்ரிம், ராஸ்காமன், எம்மெட் என்ற அயர்லாந்துத் தொடர்புடைய பெயர்களை வைத்தது. எம்மெட் என்பவர் 1803-இல் டப்ளினில் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் ராபர்ட் எம்மெட்.