ஒரே நாள்தான்: சிக்கமகோமிகோவா, பீ ஐலண்டா?

தேவிகா: ஜூலையில் அமெரிக்காவின் வடகரோலினாக் கடலோரத்து அவுட்டர் பேங்க்ஸ் மணல் தீவுகளுக்குப் போகிறோம். கரைதட்டிய கப்பல்களிலிருந்து அந்தக் காலத்தில் ஆட்களை மீட்ட நிலையங்களைப் பார்க்க ஆசை. ஒரு நாள்தான் கிடைக்கும். ரோடான்தே ஊரில் இருக்கும் சிக்கமகோமிகோ நிலையம் போதும் என்கிறார் கணவர். பக்கத்திலேயே இருந்த பீ ஐலண்ட் மீட்பு நிலையத்தின் கதையைப் பள்ளியில் படித்த மகள், அதை விடவே கூடாது என்கிறாள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராலிவாசி: சிக்கமகோமிகோதான், யோசிக்கவே வேண்டாம். 1874-இல் கட்டிய முதல் நிலையமும் 1911-இல் கட்டிய பெரிய நிலையமும் மணல்மேட்டுக்குப் பின்னால் இன்றும் நிற்கின்றன. கோடையில் வாரம் ஒருநாள் மீட்புப் பயிற்சியைச் செய்தே காட்டுகிறார்கள். அந்த நாளாகப் பார்த்துப் போங்கள்.

லைல் பீரங்கி என்று ஒரு குட்டிப் பீரங்கி. கயிறு கட்டிய குண்டு அதிலிருந்து கப்பலைத் தாண்டிப் பறக்கும். கப்பலில் இருப்பவர்கள் அந்த மெல்லிய கயிற்றைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே கப்பியும் தடித்த வடமும் போய்ச் சேரும். வடத்தின் இந்தப் பக்க நுனியை மணலுக்குள் புதைத்த மரக்கட்டையில் கட்டி இறுக்குவார்கள். அப்புறம் அதில் ஒரு மிதவை வளையம் தொங்கும். வளையத்தோடு அரைக்கால் சட்டை ஒன்று தைத்திருக்கும். கால்களை அதற்குள் விட்டு உட்கார்ந்தால் கரையிலிருந்து இழுத்துக்கொள்வார்கள். பயிற்சியில் ஐந்து நிமிடத்துக்குள் முதல் ஆள் கரை சேர வேண்டும். இதைக் கண்ணால் பார்க்காமல் அந்த வேலை புரியாது.

மிர்லோ மீட்புக்குப் போன படகும் அங்கேதான் இருக்கிறது. 1918 ஆகஸ்ட் 16 அன்று ஜெர்மானியக் கண்ணிவெடியில் சிக்கிய பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் அது. கடல்மேல் எண்ணெய் எரிந்துகொண்டிருக்க, ஜான் ஆலன் மிட்ஜெட் தலைமையில் ஆறு பேர் படகில் போய் 42 உயிர்களைக் கொண்டுவந்தார்கள்.

நெய்தல்: ராலிவாசி அண்ணே, மிர்லோ வீரர்களை நானும் வணங்குகிறேன். ஆனால் நீங்கள் விவரிக்கும் அந்தப் பயிற்சி 1896 அக்டோபர் 11 இரவு பீ ஐலண்டில் எடுபடவில்லை. ஈ.எஸ். நியூமன் என்ற பாய்மரக் கப்பல் சூறாவளியில் கரைதட்டி உடைந்துகொண்டிருந்தது. கரை முழுக்க அலை ஏறியிருந்ததால் மரக்கட்டையைப் புதைக்க மணலே கிடைக்கவில்லை. நிலையத் தலைவர் ரிச்சர்ட் எதெரிட்ஜ், இரண்டு பேரை ஒரு கயிற்றில் பிணைத்து அலைக்குள் அனுப்பினார். முறை மாற்றி மாற்றி ஒன்பது தடவை போனார்கள். கேப்டனின் மனைவி, குழந்தை உட்பட ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

எதெரிட்ஜ் அடிமையாகப் பிறந்தவர். 1880-இல் பொறுப்பேற்ற அவர்தான் நாட்டின் முதல் கறுப்பின நிலையத் தலைவர். அவருடைய குழுவும் முழுக்கக் கறுப்பினத்தவர். அவர் வந்த சில மாதங்களில் நிலையம் எரிந்துபோனது, திரும்பக் கட்டினார். மிர்லோ குழுவுக்குச் சில ஆண்டுகளில் பதக்கம் வந்துவிட்டது. இவர்களுக்குத் தங்கப் பதக்கம் 1996-இல்தான், அதாவது நூறு வருடம் கழித்து. தேவிகா, உங்கள் மகள் கேட்பது நியாயம்.

ராலிவாசி: கதையின் பெருமையை யார் மறுத்தது? போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பீ ஐலண்ட் இப்போது பறவைகளுக்கான காட்டுயிர்ப் புகலிடம். நிலையம் அங்கே இல்லை. மிஞ்சிய சமையல்கூடத்தை மான்டியோ நகரப் பூங்காவுக்குப் பெயர்த்துக்கொண்டு போய் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கடலும் மணலும் இல்லாத இடத்தில் ஒரு மீட்பு நிலையத்தை எப்படி உணர்வது? சிக்கமகோமிகோவில் அன்று அவர்கள் பார்த்ததை நாமும் பார்க்கலாம்.

நெய்தல்: இதை ஒப்புக்கொள்ள முடியாது. நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் உயர்ந்த மணல்மேடுகளில் பெரும்பகுதி 1930-களில் அரசு வேலைத்திட்ட இளைஞர்கள் வேலி அடித்து மணல் பிடித்து எழுப்பியவை. எதெரிட்ஜ் காலத்தில் கரை தட்டையாகக் கிடந்தது, புயலில் அலை தீவைக் கடந்து ஓடும். நியூமன் இரவில் நடந்ததும் அதுதான். மேட்டைப் பார்த்துவிட்டு அன்றைய கரை இதுதான் என்று நினைத்தால் அவர்கள் பட்ட பாடே தெரியாமல் போகும்.

இடம் பெயர்த்ததும் குறையாகாது. இந்தக் கரை நிற்காது அண்ணே. ஹட்டராஸ் கலங்கரை விளக்கத்தையே 1999-இல் 2,900 அடி உள்ளே நகர்த்தினார்கள். ரோடான்தேயிலேயே 2020-க்குப் பிறகு எத்தனை வீடுகள் கடலில் விழுந்தன!

ராலிவாசி: மணல்மேடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் முடிவு மாறவில்லை. அலைக்குள் ஆளை அனுப்பும் நிலை ஏன் வந்தது என்பது, பீரங்கியும் வடமும் எப்படி வேலை செய்யும் என்று பார்த்தவருக்குத்தான் உறைக்கும். முதலில் பயிற்சி.

தேவிகா: இரண்டு ஊருக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

நெய்தல்: காரில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியே பீ ஐலண்ட்தான். ஐந்து நிமிடமாவது இறங்கி மேட்டைத் தாண்டிக் கரைக்குப் போங்கள். சமையல்கூடம் திறந்திருக்கும் நாளை முன்பே கேட்டுவிடுங்கள். அது பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, மான்டியோ இருக்கும் ரோவனோக் தீவிலேயே மீன் காட்சியக வளாகத்தில் எதெரிட்ஜின் கல்லறை இருக்கிறது. மகளை அங்கே கூட்டிப் போங்கள்.